பி.எல். 480: அமெரிக்க வெளியுறவுக் கொள்கையும் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பும்

பி.எல். 480 என்பது 1954ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின் சுருக்கப் பெயர். 'பப்ளிக் லா', அதாவது பொதுச் சட்டம் எண் 480 என்பதே இதன் விரிவு. அமெரிக்காவில் மிகுதியாக விளைந்த கோதுமை, சோளம், பருத்தி, பால் பவுடர் போன்றவற்றை வெளிநாடுகளுக்குச் சலுகை விலையிலோ இலவசமாகவோ வழங்க இச்சட்டம் வழி செய்தது. இதன்வழி மிக அதிகமாகத் தானியம் பெற்ற நாடு இந்தியா. 1956 முதல் 1971 வரை இந்தியாவின் நியாய விலைக் கடைகளையும் பள்ளிச் சத்துணவையும் தாங்கி நின்றதில் இத்தானியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதே தானியம் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையை வளைக்கும் கருவியாகவும் பயன்படுத்தப்பட்டது. ஒரு நாட்டின் பாதுகாப்பு என்பது எல்லையில் நிற்கும் படையை மட்டும் பொறுத்ததல்ல, களஞ்சியத்தில் இருக்கும் நெல்லையும் கோதுமையையும் பொறுத்தது என்பதை இந்தியா கற்றுக்கொண்ட வரலாறு இது. இதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த பலருக்கு முக்கியப் பங்கு உண்டு.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்கு முன் சென்னை மாகாணம் தன் அரிசித் தேவையில் ஒரு பகுதிக்குப் பர்மாவை நம்பியிருந்தது. இன்றைய புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைச் சேர்ந்த நகரத்தார் பலர் பர்மாவில் வட்டித் தொழில் செய்து, ஐராவதி ஆற்றுச் சமவெளியில் நெல் வயல்களுக்கும் உரிமையாளர்களாக இருந்தனர். ராயவரம், ராமச்சந்திரபுரம், கோனாபட்டு போன்ற ஊர்களின் பெரிய வீடுகளுக்குப் பின்னே இந்தக் கடல் கடந்த வணிகம் இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரத்து நின்றது. அடுத்த ஆண்டு வங்கத்தில் ஏற்பட்ட பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் இறந்தனர்.

1947இல் நாடு பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலும் சிந்துவிலும் இருந்த பாசன வசதி மிக்க கோதுமை நிலங்கள் பாகிஸ்தானுக்குச் சென்றன. புதிய இந்தியா பிறந்தபோதே தானியப் பற்றாக்குறையுடன்தான் பிறந்தது.

1949இல் அமெரிக்காவுக்குச் சென்ற பிரதமர் நேரு, கோதுமை உதவி பற்றிப் பேசினார். உடனடிப் பலன் கிட்டவில்லை. 1950இல் பருவமழை பொய்த்தபின் இந்தியா முறைப்படி 20 லட்சம் டன் தானியம் கேட்டது. அப்போது கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. போரில் எந்த அணியிலும் சேராத இந்தியாவுக்கு ஏன் உதவ வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிலர் கேட்டனர். உதவிக்கு ஈடாகத் திருவிதாங்கூர்க் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் மணலைத் தர வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அணுசக்திக்குப் பயன்படும் தோரியம் அந்த மணலில் இருக்கிறது. அந்தக் கடற்கரையின் ஒரு பகுதியான மணவாளக்குறிச்சி இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அரசியல் நிபந்தனையுடன் உதவி பெற நேரு விரும்பவில்லை. இதற்கிடையில் சோவியத் யூனியனும் சீனாவும் தானியம் தர முன்வந்தன. இறுதியில் 1951 ஜூன் மாதம் 19 கோடி டாலர் கடனாகக் கோதுமை கிடைத்தது. தானியம் வந்து சேர்ந்தது என்றாலும், கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே கழிந்த மாதங்கள் இந்தியத் தலைவர்களின் மனத்தில் நின்றன.

சட்டம் இயங்கிய முறை

பி.எல். 480 சட்டத்தின் முதல் நோக்கம் அமெரிக்க விவசாயிகளின் நலன். அரசு ஆதரவு விலை கொடுத்து வாங்கிய தானியம் அங்கே கிடங்குகளில் குவிந்து கிடந்தது. அதைச் சந்தையில் விட்டால் விலை விழும். வைத்திருந்தால் கிடங்குச் செலவு ஏறும். ஆகவே டாலர் இல்லாத நாடுகளுக்கு, அந்தந்த நாட்டு நாணயத்திலேயே விற்பது என்று முடிவாயிற்று. கம்யூனிசம் பரவாமல் தடுப்பதும் நட்பு நாடுகளைச் சேர்ப்பதும் கூடுதல் நோக்கங்கள்.

இந்தியாவுடன் முதல் ஒப்பந்தம் 1956 ஆகஸ்ட் மாதம் கையெழுத்தானது. 1960 மே 4 அன்று வாஷிங்டனில் ஐசனோவரும் இந்திய உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீலும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மிகப் பெரியது. நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் தருவதாக அது கூறியது.

இந்தியா இத்தானியத்துக்கு டாலர் கொடுக்கவில்லை, ரூபாயில் கொடுத்தது. அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்தது. அதன் பெரும் பகுதி வளர்ச்சித் திட்டங்களுக்காக இந்திய அரசுக்கே கடனாகவும் மானியமாகவும் திரும்பி வந்தது. ஒரு பகுதி அமெரிக்கத் தூதரகச் செலவுக்கும், இந்தியாவில் தொழில் செய்யும் அமெரிக்க நிறுவனங்களுக்குக் கடனாகவும் சென்றது. டாலர் கையிருப்பு குறைந்த நாட்டுக்கு இது பெரிய சலுகை. ஐந்தாண்டுத் திட்டங்களில் எஃகு ஆலைகளுக்கும் அணைகளுக்கும் அந்நியச் செலாவணியைச் செலவிட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதில் ஒரு தீமை மறைந்திருந்தது. மலிவான கோதுமை தடையின்றி வந்ததால் நகரங்களில் தானிய விலை கட்டுக்குள் இருந்தது. விலை உயராததால் உள்நாட்டு விவசாயிக்குக் கூடுதலாக விளைவிக்கும் ஊக்கம் குறைந்தது. அரசும் வேளாண்மைக்குப் போதிய முதலீடு செய்யாமல் கப்பலை எதிர்பார்க்கப் பழகியது.

தமிழகத்துக்கு வந்தவை

தமிழகத்தில் பி.எல். 480 என்ற பெயரை அறியாதவர்களும் அதன் தானியத்தை உண்டிருக்கிறார்கள். முதலமைச்சர் காமராசர் 1956இல் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர் மக்களின் நன்கொடையையும் அரசின் மானியத்தையும் கொண்டு நடந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு இதற்குத் துணை நின்றார். 1961 முதல் 'கேர்' என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பி.எல். 480 வழியாகப் பால் பவுடர், சமையல் எண்ணெய், மக்காச்சோள மாவு, கோதுமை ரவை ஆகியவற்றைப் பள்ளிகளுக்கு வழங்கியது. இரண்டு கைகள் குலுக்கும் சின்னம் பொறித்த மூட்டைகளும் தகர டப்பாக்களும் கிராமப் பள்ளிகளுக்கு வந்து இறங்கின. மதிய வேளையில் தட்டில் விழுந்த கோதுமை உப்புமாவும் கரைத்த பாலும் ஒரு தலைமுறையின் நினைவில் இன்றும் உள்ளன. மழையை நம்பிக் கண்மாய்ப் பாசனம் செய்த புதுக்கோட்டைப் பகுதி போன்ற வறண்ட வட்டாரங்களில் அந்த ஒரு வேளை உணவுதான் பல குழந்தைகளைப் பள்ளியில் நிறுத்தியது.

இன்னொரு விளைவு அதிகம் அறியப்படாதது. இந்தியாவில் சேர்ந்த ரூபாய்க் கணக்கிலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962 முதல் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நாவல்கள், இலக்கண நூல்கள், இதழ்கள் பலவும் இவ்வாறு கடல் கடந்தன. அமெரிக்காவில் தமிழ் ஆய்வு வளர இந்நூல் தொகுப்புகள் உதவின. கோதுமை விற்ற பணம் தமிழ் நூல் வாங்கியது என்பது இவ்வரலாற்றின் வியப்பான பக்கம்.

சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சராதல்

1964 மே மாதம் நேரு மறைந்தார். புதிய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, எஃகுத் துறையைக் கவனித்துவந்த சி. சுப்பிரமணியத்தை உணவு மற்றும் வேளாண்மைத் துறைக்கு அமைச்சராக்கினார். பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910இல் பிறந்த சுப்பிரமணியம், சென்னை மாநிலத்தில் 1952 முதல் பத்து ஆண்டுகள் அமைச்சராக இருந்தவர். வேளாண் துறை அன்று யாரும் விரும்பாத துறை. உணவு அமைச்சராகச் சென்றவர் பெயர் கெட்டுத்தான் வருவார் என்ற நிலை இருந்தது.

அவர் மூன்று வேலைகளைத் தொடங்கினார். முதலாவது, விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை. இதற்காக 1965இல் வேளாண் விலைக் குழு அமைக்கப்பட்டது. இரண்டாவது, அரசே தானியம் கொள்முதல் செய்து சேமிப்பது. இதற்காக இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் முதலில் சென்னையில் இருந்தது. முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. மூன்றாவது, அதிக விளைச்சல் தரும் புதிய விதைகள். கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனும் வேளாண் துறைச் செயலாளர் பி. சிவராமனும் இதில் அவருக்கு வலக்கரமாக இருந்தனர். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமையைச் சுப்பிரமணியம் டெல்லியில் தம் அரசு இல்லத்தின் புல்தரையிலேயே பயிரிட்டுக் காட்டினார்.

எதிர்ப்புகள் பல திசைகளிலிருந்தும் வந்தன. புதிய விதைக்கு ரசாயன உரம் வேண்டும். உரத்தை இறக்குமதி செய்ய டாலர் வேண்டும். நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அந்நியச் செலாவணியை இதற்குச் செலவிடத் தயங்கினார். இவரும் தமிழகத்தைச் சேர்ந்தவரே. வெளிநாட்டு விதையும் உரமும் நாட்டை அமெரிக்காவுக்கு அடிமையாக்கும் என்று இடதுசாரிகள் வாதிட்டனர். இதே காலத்தில், 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மத்திய அரசின் மொழிக் கொள்கையை ஏற்காமல் சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அக்கடிதங்கள் ஏற்கப்படாததால் அவர் தொடர்ந்து அமைச்சராக இருந்தார்.

ஜான்சனின் பிடி

1965இல் மூன்று நெருக்கடிகள் ஒன்றாகச் சேர்ந்தன. முதலாவது வியட்நாம். அமெரிக்கா வட வியட்நாம்மீது குண்டு வீசுவதை இந்தியா ஏற்கவில்லை. அந்த ஏப்ரலில் நடக்கவிருந்த சாஸ்திரியின் அமெரிக்கப் பயணத்தைக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தள்ளிவைத்தார். பாகிஸ்தான் தலைவர் அயூப் கானின் பயணமும் அப்போது தள்ளிவைக்கப்பட்டது. இரண்டாவது, செப்டம்பரில் மூண்ட இந்திய-பாகிஸ்தான் போர். அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. மூன்றாவது, அந்த ஆண்டு பருவமழை பொய்த்தது. 1964-65இல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் 1965-66இல் சுமார் 7 கோடியே 20 லட்சம் டன்னாக வீழ்ந்தது.

இந்நிலையில் ஜான்சன் பல ஆண்டு ஒப்பந்தத்துக்கு மறுத்தார். சில மாதங்களுக்கு வேண்டிய அளவு தானியத்தை மட்டும் அவ்வப்போது அனுமதிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் அவரே ஒப்புதல் தர வேண்டும். இந்தியாவில் எங்கு எவ்வளவு மழை பெய்தது என்ற விவரத்தையும் அவரே கேட்டறிந்தார். கன்றைக் குட்டைக் கயிற்றில் கட்டி மேய்ப்பதுபோல் இருந்தது இம்முறை. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று தெரியாமல் மாநிலங்களுக்கு ரேஷன் ஒதுக்குவது எப்படி என்று டெல்லி திண்டாடியது. கப்பலிலிருந்து நேராக வாய்க்கு என்று அந்நிலை வருணிக்கப்பட்டது. சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டதும் இக்காலத்தில்தான்.

ஜான்சனின் நோக்கம் வெறும் பழிவாங்கல் என்று முடிவு செய்வது சரியாகாது. அமெரிக்கக் கிடங்குகளில் மிகுதி குறைந்துவந்தது. இந்தியா வேளாண்மையைப் புறக்கணிக்கிறது என்ற அவரது கருத்தைச் சுப்பிரமணியமும் மறுக்கவில்லை. ஆனால் வேளாண்மையைத் திருத்தச் சொல்லும் அழுத்தமும் வியட்நாம் பற்றி வாய்மூடச் சொல்லும் அழுத்தமும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டிருந்தன. இதுதான் சிக்கல்.

ரோம் உடன்பாடு

1965 நவம்பரில் ரோம் நகரில் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் கூட்டம் நடந்தது. அங்கே சுப்பிரமணியமும் அமெரிக்க வேளாண் துறைச் செயலாளர் ஆர்வில் ஃப்ரீமனும் தனியே சந்தித்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். வேளாண்மைக்கு அதிக முதலீடு, உர உற்பத்திக்குத் தனியார் மற்றும் வெளிநாட்டு முதலீடு, புதிய விதைகள், விவசாயிக்கு ஊக்க விலை ஆகியவற்றை இந்தியா ஏற்றது. உடன்பாடு உடனே வெளியிடப்படவில்லை. அமெரிக்கா கட்டளையிட்டது, இந்தியா பணிந்தது என்ற பழி வரும் என்பதே காரணம். டிசம்பரில் சுப்பிரமணியம் இவற்றைத் தம் அரசின் புதிய வேளாண் கொள்கையாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

இது பணிவா, சாதுரியமா என்ற கேள்வி அன்றும் எழுந்தது. அமெரிக்கா கேட்டவற்றில் பெரும்பாலானவை சுப்பிரமணியம் ஓராண்டாக அமைச்சரவையில் வாதாடிக்கொண்டிருந்தவை. உள்ளே கிடைக்காத ஒப்புதலை வெளியிலிருந்து வந்த அழுத்தத்தைக் கொண்டு அவர் பெற்றுக்கொண்டார் என்றும் சொல்லலாம்.

மதிப்புக் குறைப்பும் வியட்நாமும்

1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைந்தபின் இந்திரா காந்தி பிரதமரானார். மார்ச் இறுதியில் அவர் வாஷிங்டன் சென்றபோது வரவேற்பு சிறப்பாக இருந்தது. ஜான்சன் மேலும் 35 லட்சம் டன் தானியம் தர நாடாளுமன்றத்தின் ஆதரவைக் கேட்டார். உலக வங்கியும் அமெரிக்காவும் வற்புறுத்தியபடி ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ரூபாய் ஆயிற்று. எதிர்பார்த்த அளவு நிதி உதவி வந்து சேரவில்லை. உள்நாட்டில் எதிர்ப்பு வெடித்தது.

ஜூலையில் மாஸ்கோ சென்ற இந்திரா காந்தி, வியட்நாமில் குண்டுவீச்சை நிறுத்தக் கோரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். ஜான்சன் கடும் கோபம் கொண்டார். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை புதிய ஒதுக்கீடு வராமல் தாமதமாயிற்று. அதே மாதங்களில் பீகாரில் இரண்டாம் ஆண்டாக மழை பொய்த்துப் பஞ்சம் தலைதூக்கியது. டெல்லியில் இருந்த அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸே இத்தாமதத்தை எதிர்த்து வாஷிங்டனுக்கு எழுதினார். ஆண்டு முடிவில்தான் அனுமதி கிடைத்தது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் கோதுமை அனுப்பின.

1966இல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் 1 கோடி டன்னுக்கு மேல். அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைமையிலான நிவாரணக் குழுவும் தொண்டு நிறுவனங்களும் இத்தானியத்தைக் கொண்டு பல லட்சம் உயிர்களைக் காத்தன. தாமதித்துக் கொடுத்த அதே கைதான் பசியைத் தீர்த்தது என்பதையும் மறுக்க இயலாது.

1967 தேர்தல்

சென்னை மாநிலத்திலும் அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று வாக்களித்தது. மொழிப் போராட்டமும் அரிசியும் சேர்ந்து காங்கிரஸ் ஆட்சியை அகற்றின. விருதுநகரில் காமராசர் தோற்றார். கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில் சி. சுப்பிரமணியமும் தோற்றார். நாட்டின் உணவுப் பஞ்சத்தைத் தீர்க்க விதை ஊன்றியவர், அதன் பெரும் அறுவடைக்கு முன்பே பதவியை இழந்தார். அண்ணாதுரை தலைமையிலான புதிய அரசு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. அதை மாநிலம் முழுவதும் விரிவுபடுத்த நிதியும் அரிசியும் போதவில்லை.

பசுமைப் புரட்சியும் அதன் எல்லைகளும்

1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்குமதி செய்யப்பட்டது. 1966-67இல் சுமார் 1 கோடியே 14 லட்சம் டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் அடுத்த ஆண்டு சுமார் 1 கோடியே 65 லட்சம் டன்னாயிற்று. பஞ்சாபில் தானியம் வைக்க இடமின்றிப் பள்ளிக் கட்டடங்களும் கிடங்குகளாயின. 1968 ஜூலையில் இந்திய அரசு கோதுமைப் புரட்சி அஞ்சல் தலை வெளியிட்டது.

தமிழகத்தில் நெல்லில் இம்மாற்றம் நடந்தது. 1960-61 முதல் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் நடந்துவந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல்லும், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர். 8 நெல்லும் பரவின. இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அறந்தாங்கிப் பகுதி அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் எட்டிய அந்த வயல்களுக்குப் புதிய விதை பயன் தந்தது. 1974 ஜனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, ஒரே மாவட்டத்துக்குள் கால்வாய் நனைத்த நிலமும் வானம் பார்த்த நிலமும் இணைந்தன. குட்டை நெல்லுக்கு உரிய காலத்தில் தண்ணீரும் உரமும் வேண்டும். கண்மாய் நிறையாத ஆண்டில் புதிய விதையாலும் பயனில்லை.

பயன் எல்லாருக்கும் சமமாகப் போகவில்லை. விளைச்சல் பெருகியபோது கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டனர். அந்தப் பூசலின் உச்சத்தில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பருப்பு வகைகளும் சிறுதானியங்களும் புதிய கொள்கையில் பின்தங்கின. பின்னாளில் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஆராய்ச்சி மையம் அமைந்ததும், அங்கிருந்து வம்பன் உளுந்து ரகங்கள் வந்ததும் இக்குறையை ஈடுசெய்யும் முயற்சிகளே. எனினும் இந்தியா இன்றும் பருப்பை இறக்குமதி செய்கிறது.

1971: சோதனை

1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ 1 கோடி அகதிகள் இந்தியாவுக்கு வந்தனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தார். ஆகஸ்ட் 9 அன்று இந்தியா சோவியத் யூனியனுடன் நட்புறவு உடன்படிக்கை செய்துகொண்டது. டிசம்பரில் போர் மூண்டதும் அமெரிக்கா இந்தியாவுக்கான பொருளாதார உதவியை நிறுத்தியது. எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பியது.

1966உடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அப்போது ஒரு கூட்டறிக்கைக்கே தானியக் கப்பல் தாமதமானது. 1971இலோ கிடங்குகளில் இந்தியா விளைவித்த கோதுமை இருந்தது. அகதிகளுக்கும் உணவு தர முடிந்தது. போர்க்கப்பல் வந்தது, ஆனால் பிடித்து வைக்கத் தானியக் கப்பல் இல்லை. அந்த ஆண்டுடன் சலுகை விலைக் கோதுமை இறக்குமதியை இந்தியா முடித்துக்கொண்டது.

கணக்கு தீர்ந்தது 1974இல். இந்தியாவில் அமெரிக்கா சேர்த்துவைத்திருந்த ரூபாய் மலைபோல் குவிந்து, நாட்டின் பணப் புழக்கத்தையே பாதிக்கும் என்ற அச்சம் இருந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் டேனியல் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கான காசோலையை இந்திய அரசிடம் அளித்து அத்தொகையை விட்டுக்கொடுத்தார்.

அண்டை நாடுகளின் அனுபவம்

இலங்கை 1952இல் அரிசித் தட்டுப்பாட்டில் சிக்கியது; ரப்பர் விலையும் சரிந்தது. அது சீனாவுடன் ரப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டதால் அமெரிக்க உதவியை இழந்தது. 1974இல் வங்கதேசம் கியூபாவுக்குச் சணல் சாக்குகள் விற்றதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவுக் கப்பல்களைத் தாமதித்தது. அந்த ஆண்டே அங்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. 1966இல் இந்தியாவுக்கு நேர்ந்தது தனி நிகழ்வல்ல என்பதை இவை காட்டுகின்றன.

மதிப்பீடு

பி.எல். 480 பற்றி இரண்டு எளிய கதைகள் சொல்லப்படுவதுண்டு. அமெரிக்கா கருணையால் இந்தியாவைக் காத்தது என்பது ஒன்று. இந்தியாவைப் பிச்சையெடுக்க வைத்து அவமானப்படுத்தியது என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மையே உள்ளது. தானியம் உயிர்களைக் காத்தது. பள்ளிக் குழந்தைகளுக்குச் சோறிட்டது. அதே தானியம் ஒரு சுதந்திர நாட்டின் பேச்சுக்கு விலை வைத்தது. பத்தாண்டுக் காலம் மலிவுக் கோதுமையை நம்பி வேளாண்மையைத் தள்ளிப்போட்ட பொறுப்பு இந்திய ஆட்சியாளர்களுடையது. அமெரிக்காவுக்கும் அந்த அழுத்தத்தால் நட்பு கிடைக்கவில்லை. ஜான்சன் இழுத்த கயிறு இந்தியாவைத் தன்னிறைவை நோக்கியும் மாஸ்கோவை நோக்கியும் தள்ளியது.

தன்னிறைவுக்கும் ஒரு விலை இருந்தது. பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றியது. உரப் பயன்பாடு மிகுந்தது. நெல்லும் கோதுமையும் கம்பையும் கேழ்வரகையும் தட்டிலிருந்து ஒதுக்கின. இக்குறைகளைச் சுட்டுவோர் 1966இன் நிலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இந்த வாதம் இன்னும் முடியவில்லை. 2013இல் இந்தியா தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டு பாலித் தீவில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டில், விவசாயியிடம் ஆதரவு விலைக்குத் தானியம் வாங்கி அரசு சேமிப்பது பற்றி இந்தியாவும் அமெரிக்காவும் எதிரெதிர் நிலை எடுத்தன. தற்காலிக ஏற்பாடு ஒன்று உண்டானதே தவிர நிரந்தரத் தீர்வு வரவில்லை. 1965இல் தஞ்சாவூரில் முதல் மாவட்ட அலுவலகம் திறந்த அந்தக் கொள்முதல் முறையைத்தான் இந்தியா அங்கே விட்டுக்கொடுக்க மறுத்தது. சி. சுப்பிரமணியத்துக்கு 1998இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. மாதந்தோறும் நியாய விலைக் கடையில் அளக்கப்படும் அரிசி எந்த நாட்டின் அனுமதிக்கும் காத்திருக்காமல் வருவதே அவர் உழைப்பின் நிலையான பயன்.